கோப்பிச் செடியிடம் கேட்ட கேள்வி: மடுல்சீமையிலிருந்து மலையக சுகாதாரத்தைப் பார்த்தல்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. அதற்குப் பின்னர் மலையகத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வீடு, காணி, நிவாரணக் கொடுப்பனவு ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. அது நியாயமானது. லயத்துக்கு மேலே மலை நிற்கும்போது முதலில் பேச வேண்டியது இடத்தைப் பற்றித்தான்.

ஆனால் உடல்நலம் பேச்சுக்கு வரும்போதெல்லாம் பழைய வசனம் ஒன்று திரும்ப வருகிறது. “தோட்டத்து ஆட்கள் முதலில் கோயிலுக்குப் போவார்கள், பிறகு கயிறு கட்டுவார்கள், கடைசியில்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்.” வைத்தியத் துறையினரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். தோட்ட நிர்வாகத்தினரிடம் கேட்டிருக்கிறேன். மலையகத்தில் பிறந்து படித்து வெளியேறியவர்களிடமும் கேட்டிருக்கிறேன். மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் அதற்கு மேல் ஆராய எதுவும் இல்லை என்பது போல எல்லோரும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். அண்மைக்காலமாகப் பல்கலைக்கழகங்களில் ‘ஹெல்த் ஹியூமனிட்டீஸ்’, அதாவது சுகாதார மானிடப் பண்பியல் என்றொரு துறை வளர்ந்து வருகிறது. நோயை ஆய்வுகூடத்தின் அறிக்கையோடு மட்டும் பார்க்காமல், நோயாளி அதைப் பற்றிச் சொல்லும் கதை, அவருடைய மொழி, வழிபாடு, வேலை, வரலாறு ஆகியவற்றோடு சேர்த்துப் பார்ப்பது அதன் வழி. மதமும் விஞ்ஞானமும் மருத்துவமும் ஒரே உடலின் மேல் எப்படிச் சந்திக்கின்றன என்று அது கேட்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்க இலங்கையில் மடுல்சீமையைவிடப் பொருத்தமான இடம் குறைவு என்று நினைக்கிறேன். காரணம், இங்கே விஞ்ஞானம் ஏற்கனவே ஒருமுறை வந்திருக்கிறது. ஆனால் அது மனிதரைத் தேடி வரவில்லை.

1869: செடிக்கு வந்த நோய்

இன்று தேயிலை நிற்கும் இந்த மலைகளில் அன்று நின்றது கோப்பி. 1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பில் இருந்த துவைற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பங்கசு அறிஞர் பேர்க்லி அதே ஆண்டில் அதற்கு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயர் வைத்தார். பெயரின் இரண்டாம் பாதிக்கு ‘நாசகாரி’ என்று பொருள். துரைமார் அதைச் சுருக்கி ‘எமிலி’ என்று அழைத்தார்கள். உலகின் கோப்பி வரலாற்றையே மாற்றிய அந்த நோயைப் பற்றிய நூல்களில் மடுல்சீமையின் பெயர் இன்றும் இருக்கிறது.

நோய் பரவியதும் அரசாங்கம் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை அழைத்தது. 1880 தொடக்கம் 1882 வரை அவர் இலங்கையில் தங்கி ஆராய்ந்தார். பங்கசின் நுண்வித்துக்கள் காற்றில் பரவுகின்றன, மலைமலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டிருப்பதால் அவற்றைத் தடுக்க எதுவும் இல்லை என்பது அவர் கண்டது. செடி ஏன் நோயுற்றது என்ற கேள்வியோடு தொடங்கி, அதை எப்படி நட்டார்கள், எங்கே நட்டார்கள், எவ்வளவு நெருக்கமாக நட்டார்கள் என்பது வரை போனார். செடியின் பழக்கவழக்கம் சரியில்லை என்று அவர் எழுதவில்லை.

கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. தேயிலை வந்தது. ஆனால் அந்த ஆராய்ச்சியின் முறை சரியானது. நெருக்கம்தான் நோயைப் பரப்புகிறது என்ற அந்த அறிவு, அதே தோட்டத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் குடும்பமாக அடைந்து கிடந்தவர்களைப் பற்றி ஏன் அதே வேகத்தில் கேட்கப்படவில்லை என்பதே என் கேள்வி.

சட்டமும் புழுவும்

தொழிலாளர் பக்கம் என்ன நடந்தது என்று பார்ப்போம். தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்களில் கணிசமானோர் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே இறந்தார்கள். 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் நினைவுபடுத்தியது அந்த மரணங்களையும்தான். பிற்காலத்தில் வந்தவர்களை மண்டபம் முகாமில் தடுத்துவைத்து, அம்மைப்பால் குத்தி, சோதித்து அனுப்பினார்கள். வைத்தியத்துடனான அவர்களின் முதல் சந்திப்பே ஒரு தடுப்பு முகாமில் நடந்தது.

1872இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கான சட்டம் வந்தது. 1912இல் அது விரிவாக்கப்பட்டது. தொழிலாளர் மத்தியில் பரவும் நோய்கள் பற்றிய சட்டமும் அதோடு வந்தது. லயங்களைச் சுகாதாரமாக வைத்திருப்பதும் நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்புவதும் தோட்டத்தின் கடமையாயின. காகிதத்தில் அது அன்றைய ஆசியாவில் குறிப்பிடத்தக்க ஏற்பாடுதான். ஆனால் நோயாளி முதலில் போய்ச் சொல்ல வேண்டியது யாரிடம்? கங்காணியிடம், கணக்கப்பிள்ளையிடம், துரையிடம். நோய் உண்மையா, வேலைக்குக் கள்ளமா என்று தீர்மானித்தவர்களும் அவர்களே. வேலை வாங்குபவரே நோயைத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில், நோயைப் பற்றி வாய்திறப்பது எப்போதும் ஒரு வழக்காடலாகத்தான் இருக்கும்.

1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மலத்தோடு வெளியேறும் முட்டை ஈரமண்ணில் பொரிந்து, வெறும் காலின் தோல் வழியாக உடம்புக்குள் நுழையும் புழு அது. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். சோகை பிடித்த உடம்பு மலையேறாது. இந்தச் சோர்வைத்தான் நெடுங்காலம் ‘கூலியின் சோம்பேறித்தனம்’ என்றார்கள். விஞ்ஞானம் அந்த அவதூறைப் பொய்யாக்கியது, அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் மருந்து கொடுத்தபின் நடந்ததைப் பாருங்கள். புழு வெளியேறியவர் திரும்பிப் போனது அதே மண்ணுக்கு. மலசலகூடம் கட்டாமல் இது தீராது என்று மன்றத்தின் வைத்தியர்களே வலியுறுத்தினார்கள். பணம் செலவழிக்கத் தோட்டங்கள் தயங்கின. மீண்டும் தொற்று வந்தது. இந்த வரலாற்றை விரிவாக ஆராய்ந்தவர் சோம ஹேவா. மருந்து அறியாமையிடம் தோற்றது என்று எளிதாகச் சொல்லலாம். அது உண்மையில் தோற்றது கணக்குப் புத்தகத்திடம்.

சுதந்திரத்துக்குப் பின்னும் இந்தப் பிரிவு தொடர்ந்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்களின் சுகாதாரம் நெடுங்காலம் நாட்டின் சுகாதாரமாகக் கருதப்படவில்லை, தோட்டத்தின் விடயமாகவே இருந்தது. இலவச வைத்தியத்துக்காக உலகம் இலங்கையைப் பாராட்டிய காலத்தில், 1970களின் நடுப்பகுதியில், தோட்டங்களில் பட்டினியோடு மரண வீதம் உயர்ந்தது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கி இன்னும் முழுமையடையவில்லை. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் சுமார் 17 சதவீதம், தோட்டத்துறையில் சுமார் 32 சதவீதம். இந்த இடைவெளிக்குக் கோடாங்கி பொறுப்பல்ல.

கோயிலில் என்ன நடக்கிறது?

இப்போது அந்த வசனத்தின் மறுபக்கம். மக்கள் ஏன் கோயிலுக்குப் போகிறார்கள்?

மடுல்சீமைப் பக்கம் தோட்டங்களில் வேலைசெய்து ஓய்வுபெற்ற பெண்களோடு பேசியபோது நான் கவனித்த ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டால் பயணத்தைச் சொல்கிறார்கள். எத்தனை மணிக்கு பஸ், பசறையில் எவ்வளவு நேரம் நின்றது, யாருடைய ஒரு நாள் பேர் போனது, துண்டில் எழுதியிருந்ததை யார் வாசித்துச் சொன்னது. நோயைப் பற்றி அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்டால் பதில் சுருக்கம்: “என்னா நோவுதுன்னு கேட்டாங்க. கையக் காட்டுனேன். மருந்து குடுத்தாங்க.” கோயிலைப் பற்றிக் கேட்டால் கதை நீள்கிறது. சாமியாடி என்ன கேட்டார், எப்போது தொடங்கியது, அதற்கு முன் வீட்டில் என்ன சண்டை, யாருக்குச் செய்ய வேண்டிய கடமை செய்யாமல் நின்றது, கொழும்புக்குப் போன மகள் ஏன் போன் எடுக்கவில்லை.

அமெரிக்க மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1970களின் இறுதியில் தன் சகாக்களுடன் சேர்ந்து மருத்துவர்களுக்குச் சில கேள்விகளைப் பரிந்துரைத்தார். இந்த நோய் எதனால் வந்ததென்று நீங்கள் நினைக்கிறீர்கள், ஏன் இப்போது தொடங்கியது, எதற்கு மிகவும் பயப்படுகிறீர்கள் என்ற வகையான கேள்விகள் அவை. இன்று பல நாடுகளில் மருத்துவ மாணவர்களுக்கு அவை கற்பிக்கப்படுகின்றன. நம் தோட்டத்துச் சாமியாடி, படிக்காமலே, அவற்றில் பாதியையாவது கேட்கிறார். நோயாளியின் மொழியில் கேட்கிறார்.

மலையகத்துத் தெய்வங்களையே பாருங்கள். கவ்வாத்து வெட்டும் மலையில் கவ்வாத்துச் சாமி. தேயிலைத் தொழிற்சாலையின் சுழலும் சக்கரத்துக்கு ரோதை முனி. கத்தி காலில் விழும் இடத்திலும் கை இயந்திரத்தில் அகப்படும் இடத்திலும் தெய்வம் நிற்கிறது. பாதுகாப்புக் கவசமோ நட்டஈடோ இல்லாத வேலைத்தலத்தில், ஆபத்து எங்கே இருக்கிறது என்று தொழிலாளர்கள் வரைந்த வரைபடம் அது. தொழில் சுகாதார அதிகாரி ஒருவர் தோட்டத்துக்கு வந்தால், முதலில் சாமிக் கற்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கேட்டாலே அரைவாசி அறிக்கையை எழுதிவிடலாம்.

மாரியம்மனும் அப்படித்தான். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவது, வெளியாள் வராமல் பார்ப்பது, நோயாளியைத் தனியே படுக்கவைப்பது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை காத்திருப்பது எல்லாம் தொற்றுநோயைக் கண்ட ஒரு சமூகம் சேர்த்துவைத்த ஒழுங்குகள். மட்டக்களப்பில் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் நடக்கும் குளிர்த்தியும் வெப்பத்தையும் நோயையும் தணிக்கும் சடங்கே. சிங்கள மக்களும் அம்மை வகை நோய்களைத் ‘தெய்யன்கே லெட’, அதாவது தெய்வங்களின் நோய் என்றே சொல்வார்கள். அவர்களுடைய பத்தினித் தெய்வம் நம்முடைய கண்ணகிதான் என்பதை கணநாத் ஒபேசேகர விரிவாக எழுதியிருக்கிறார். ஆக, பதுளையில் ஒரு சிங்களத் தாதிக்கும் ஒரு தோட்டத்துத் தாய்க்கும் இடையில் மொழி ஒரு சுவர் என்றாலும், நோயைப் பற்றிய நம்பிக்கையில் அவர்கள் அயலவர்கள். அந்த அயலை யாரும் பயன்படுத்தவில்லை.

நம்பிக்கையைக் கொண்டாடுவதும் தப்பு

இதை எழுதும்போது ஒரு பயம் இருக்கிறது. கோயிலே போதும் என்று யாராவது வாசித்துவிடக் கூடாது. பெரியம்மையை உலகிலிருந்து ஒழித்தது தடுப்பூசி, வேப்பிலை அல்ல. வலிப்பு வந்த பிள்ளைக்கு வேண்டியது வைத்தியம், உடுக்கு அல்ல. நீரிழிவுக்காரர் மருந்தை நிறுத்திவிட்டு நேர்த்திக்கடன் வைத்தால் காலை இழப்பார். மனநோய் கண்ட பெண்ணைப் பேய் பிடித்ததாகச் சொல்லி அடிப்பது வன்முறை, அதற்குப் பண்பாடு என்று பெயர் கொடுக்க முடியாது.

மதத்தையும் விஞ்ஞானத்தையும் அதிகாரம் எப்படிக் கையாளும் என்பதைக் கொவிட் காலத்தில் நாம் பார்த்தோம். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் காளியின் அருள் பெற்றதாகச் சொல்லிக் கொடுத்த பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அரசியல்வாதிகளும் அதைக் குடித்துக் காட்டினார்கள். அதே காலத்தில், அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருந்தும், நிலத்தடி நீர் கெடும் என்ற ஆதாரமற்ற வாதத்தை வைத்து 2020 ஏப்ரலிலிருந்து ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்தார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அந்த வர்த்தமானி மாற்றப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

ஒரே அரசு, ஒரே மாதங்கள். பெரும்பான்மையின் நம்பிக்கைக்கு ஆதாரம் கேட்கப்படவில்லை. சிறுபான்மையின் நம்பிக்கைக்கு எதிராக இல்லாத ஆதாரம் காட்டப்பட்டது. எது மூடநம்பிக்கை, எது விஞ்ஞானம் என்று தீர்மானிக்கும் இடத்தில் யார் இருக்கிறார் என்பதையும் கேட்காமல் இந்தச் சொற்களைப் பயன்படுத்த முடியாது.

வன்னிக்கும் மலைக்கும் இடையில்

வடக்கு, கிழக்கில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு மடுல்சீமை தூரமாகத் தோன்றலாம். ஆனால் 1977 வன்செயல்களுக்குப் பின்னும் 1983க்குப் பின்னும் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். 2009இல் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களிலும் காணாமல்போனவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு நிலங்களின் காயமும் சில குடும்பங்களில் ஒரே வீட்டுக்குள் இருக்கிறது.

போரின் உளத்தாக்கத்தை மருத்துவமாகவும் பண்பாடாகவும் சேர்த்துப் பார்க்கலாம் என்று நமக்குக் காட்டியவர் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். தனிமனிதரின் மனம் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்றும், ஆறுவதற்குச் சடங்கும் கோயிலும் உறவும் வேண்டும் என்றும் அவர் தொடர்ந்து எழுதிவந்தார். உடல் கிடைக்காதவருக்கு அந்தியேட்டி செய்வதா, வேண்டாமா என்று தெரியாமல் நிற்கும் தாயின் தூக்கமின்மைக்கு மாத்திரை கொடுக்கலாம். ஆனால் அந்தத் தூக்கமின்மையின் காரணம் வைத்தியசாலைக்கு வெளியே இருக்கிறது. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மார் கேட்பது அந்தக் காரணத்துக்கான பதிலைத்தான்.

பதுளை மாவட்டமும் உடல் இல்லாத மரணத்தை அறியும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியபோது லயங்களோடு மண்ணுக்குள் போனவர்களில் பலர் மீட்கப்படவேயில்லை. டித்வாவின் மண்சரிவுகளிலும் அப்படியே. மீட்புப் பணி முடிந்ததாக அறிவிக்கப்படும் நாளில் அரசின் கணக்கு முடிகிறது. சடங்குக் கணக்கு அன்றுதான் தொடங்குகிறது. எந்த இடத்தில் விளக்கு வைப்பது, எந்த நாளைத் திதியாக எடுப்பது, எலும்பு பிறகு கிடைத்தால் என்ன செய்வது? வன்னியில் பதினேழு ஆண்டுகளாகக் கேட்கப்படும் கேள்விகளே இவை. அந்த அனுபவத்தோடு வடக்கின் உளசமூகப் பணியாளர்கள் ஊவாவுக்கு வந்து பேசுவது, எந்த மொழிபெயர்ப்பும் தேவைப்படாத உதவியாக இருக்கும்.

என்ன கேட்கலாம்?

பெரிய திட்டங்கள் தேவையில்லை. சில நேரடியான கோரிக்கைகள் போதும்.

முதலாவது மொழி. தமிழ் அரசகரும மொழியாகி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். ஊவாவின் வைத்தியசாலைகளில் வெளிநோயாளர் பிரிவிலும் மகப்பேற்று விடுதியிலும் மனநலப் பிரிவிலும் தமிழ் பேசும் ஒருவர் கடமையில் இருப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். கையைக் காட்டி வயிற்று நோவைச் சொல்லலாம். பயத்தைச் சொல்ல முடியாது. சத்திரசிகிச்சைக்கும் கருத்தடைக்கும் ஒப்புதல் கேட்கும் படிவம் வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தால் அது ஒப்புதல் ஆகாது.

இரண்டாவது நாட்சம்பளம். 2026 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாளாந்த வருமானம் அரசின் ஊக்கத் தொகையோடு 1,750 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஊக்கத் தொகையே வேலைக்கு வந்த நாளுக்குரியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் பேரும் போகிறது, அதுவும் போகிறது. நோயாளியும் துணைக்குப் போகிறவரும் சேர்ந்து இரண்டு பேர் இழக்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் கோயில் வீட்டுக்குப் பக்கத்தில், பின்னேரம், சம்பளம் வெட்டாமல் இருக்கிறது. ‘கடைசியில்தான் வருவார்கள்’ என்ற குற்றச்சாட்டுக்குப் பெரும்பகுதி விளக்கம் இதில் இருக்கிறது. கிளினிக் நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்துப் பாருங்கள். எவ்வளவு மூடநம்பிக்கை மிஞ்சுகிறது என்று பிறகு எண்ணலாம்.

மூன்றாவது பயிற்சி. மருத்துவ பீடங்களின் சமுதாய மருத்துவப் பயிற்சியில் லயமும் கோயிலும் சேர வேண்டும். மாணவர்கள் ஒரு குடும்பத்தின் நோய்க்கதையை முழுமையாகக் கேட்டு எழுதட்டும். சாமியாடிகளையும் பூசகர்களையும் எதிரிகளாக ஒதுக்காமல், வலிப்பு, காசநோய், தற்கொலை எண்ணம் ஆகியவற்றின் அறிகுறி தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிக் கொடுக்கலாம். “சாமி சொல்லுது, ஆஸ்பத்திரிக்குப் போ” என்று ஒருவர் சொன்னால், எந்தச் சுவரொட்டியையும்விட அது வேகமாக வேலை செய்யும்.

நான்காவது, நம் பத்திரிகைத் தொழிலுக்கு. குளவி கொட்டியது, மண் சரிந்தது, பிரசவத்தில் தாய் இறந்தார் என்று ஒவ்வொன்றாகச் செய்தி எழுதி முடிக்கிறோம். கோப்பிச் செடி நோயுற்றபோது மார்ஷல் வார்ட் கேட்டதை நாமும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்: எப்படி நட்டார்கள், எவ்வளவு நெருக்கமாக, இதில் யாருக்கு இலாபம்? தோட்டத்தில் ஒருவர் தாமதமாக ஆஸ்பத்திரிக்கு வந்து இறந்தார் என்று அடுத்த முறை எழுதும்போது, அவர் எந்தக் கோயிலுக்குப் போனார் என்பதோடு எந்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார் என்பதையும் விசாரித்து எழுதுவோம்.